அக்கிரகாரத்திலிருந்து பார்ப்பதா, ஐஐடி வாசலிலிருந்தா?

கிராமத்தில் நிலபுலனோடு இருந்த தமிழ்ப் பிராமணர்கள் நகரத்து அதிகாரிகளாகவும் பொறியாளர்களாகவும் ஆனது எப்படி? சி. ஜே. ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் எழுதிய 'தமிழ் பிராமன்ஸ்' (2014), அஜந்தா சுப்பிரமணியன் எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' (2019) ஆகிய இரண்டு மானுடவியல் நூல்களும் இதைத்தான் துருவுகின்றன. அடுத்தடுத்துப் படித்தால் இரண்டும் ஒன்றையொன்று முறைப்பது தெரியும்.

ஃபுல்லர் முன்பே மதுரை மீனாட்சி கோயில் பட்டர்களை ஆராய்ந்தவர். அந்த நிதானம் இங்கும் உண்டு. கும்பகோணம் அருகே திப்பிராஜபுரத்தில் வாழ்ந்த வாத்திமா என்ற பிராமண உட்பிரிவுக் குடும்பங்கள், விற்கப்பட்ட நிலம், பிராமணரல்லாதவர் குடிவந்த அக்கிரகார வீடுகள், சென்னையின் மென்பொருள் அலுவலகங்கள், அமெரிக்கா என்று கதை நகர்கிறது. தகவல் செறிவில் குறையே இல்லை. ஆனால் ஒரு சமூகம் காலத்துக்கேற்ப சாமர்த்தியமாக மாறிக்கொண்டது என்ற தொனி மேலோங்குகிறது. அந்தப் படிப்பும் பதவிகளும் யாருக்குக் கிடைக்காமல் போயின என்ற கேள்வி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

அஜந்தா அந்தக் கேள்வியை முன்வரிசைக்கு இழுக்கிறார். கருவியைத் தொட்டு உழைத்த கைவினைச் சாதிகளை விட்டுவிட்டு, கைவேலையைத் தாழ்வாகக் கருதியவர்கள் பொறியியலில் கோலோச்சியது ஏன்? காலனி ஆட்சி பொறியியலை ஏட்டுப் படிப்பாகவும் அரசுப் பதவியாகவும் மாற்றி, கைவினைஞர்களைத் தொழிற்பள்ளிகளின் பக்கம் ஒதுக்கியது என்று அவர் காட்டும் பகுதிதான் நூலின் உயிர். அங்கிருந்து, 1959இல் தொடங்கிய சென்னை ஐஐடிக்கு வருகிறார். நுழைவுத் தேர்வில் வென்றவர் அந்த வெற்றியைத் தன் 'தகுதி' என்கிறார். அதன் பின்னால் தலைமுறைகளாகச் சேர்ந்த கல்வியும் ஆங்கிலமும் கண்ணில் படுவதில்லை. மற்ற மாநிலங்களில் மேல்சாதியினர் தம்மைச் சாதியற்றவர்களாகக் காட்டிக்கொள்ள முடிந்தது; இங்கே பிராமணரல்லாதார் இயக்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எனவே சென்னையில் தகுதிப் பேச்சே வெளிப்படையான சாதிப் பேச்சாகிவிடுகிறது. இது கூர்மையான கணிப்பு.

வாதம் வலுக்க வலுக்க மனிதர்கள் மெலிந்துபோவது அஜந்தாவின் பலவீனம். பெண்கள் விஷயத்தில் முதல் நூல் வெகுவாக முந்துகிறது: பூப்புக்கு முன்பே மணம் முடித்த தலைமுறையிலிருந்து வேலைக்குப் போகும் தலைமுறை வரை அது விரிவாகப் பேசுகிறது. அதனால் முதலில் ஃபுல்லர், ஹரிப்ரியா நூலைப் படிக்கலாம்; இட ஒதுக்கீட்டுச் சண்டையில் இறங்கப் போகிறவர் மட்டும் அஜந்தாவிடமிருந்து தொடங்கட்டும்.