ஊட்டிப் பார்ப்பதா, கொழுப்பில் தேடுவதா?

கடலில் கலந்த நஞ்சுகள் அங்குள்ள பாலூட்டிகளின் ஹார்மோன்களை என்ன செய்கின்றன என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வளர்ப்பில் இருக்கும் விலங்குக்கு மாசுபட்ட மீனை ஊட்டிப் பார்ப்பது. நெதர்லாந்தில் 12 பெண் சீல்களுக்கு (கடல்நாய்களுக்கு) அந்நாட்டுக் கரையோரத்தின் மாசுபட்ட வாடன் கடல் மீனும், வேறு 12 சீல்களுக்கு மாசு குறைந்த வடகிழக்கு அட்லாண்டிக் மீனும் கொடுத்தார்கள். 1986இல் முடிவு வெளியானது: முதல் கூட்டத்தில் 4 மட்டுமே சினையாயின, அடுத்ததில் 10. கரு கருப்பையில் பதியும் கட்டத்தில்தான் கோளாறு. ஈஸ்ட்ராடியால் என்ற பெண் ஹார்மோனின் அளவும் அப்போது குறைந்திருந்தது. மீனில் இருந்த கலவை அப்படியே உள்ளே போனது இதன் பலம். கலவையில் குற்றவாளி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதது குறை.

மற்றது, இறந்து ஒதுங்கிய உடலைச் சோதிப்பது. 2016இல் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் ஒதுங்கிய லூலு என்ற ஓர்காவின் (கொலைத் திமிங்கிலத்தின்) கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி என்ற தொழிற்சாலை வேதி நஞ்சு இருந்தது. வளர்ந்த பெண், சினைப்பையோ ஒருமுறைகூட இயங்கிய தடயம் இல்லை. படித்தபோது நெஞ்சு கனத்தது. ஆனாலும் ஓர் உடலை வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது. காரணம் தேடுவோருக்கு நான் முதல் வழியையே சொல்வேன். ஓர்காவை அப்படித் தொட்டியில் வைத்து நஞ்சூட்ட யாரும் துணியக் கூடாது. அங்கே இரண்டாவது வழிதான்.