பழைய ஆடி டி.டி.யில் புது ஸ்டீரியோ: நான்கு வருட அனுபவம்

என் வண்டி 2009 மாடல் ஆடி டி.டி., 3.2 லிட்டர் வி6. என் கைக்கு 2020இல் வந்தபோது அது மூன்றாவது கை. 250 குதிரைத் திறன்; முன்னால் இரண்டு பேர் நிம்மதியாக உட்காரலாம், பின்சீட்டில் ஒரு லேப்டாப் பை நிம்மதியாக உட்காரும். பெங்களூரில் மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை அவுட்டர் ரிங் ரோட்டில் இதை ஓட்டுவதை வீட்டில் "யானையைக் கட்டித் தீனி போடுற வேலை" என்பார்கள். மறுக்க முடியாது. சாலை திறந்திருந்தால் எனக்கு அந்த என்ஜின் சத்தமே போதும். ஆனால் ஒரு மணி நேரம் ஊர்ந்து போகும்போது பாட்டு வேண்டும்.

கம்பெனியிலிருந்து வந்த, 'கான்சர்ட்' என்று ஆடி பெயர் வைத்த ரேடியோவில் எஃப்.எம்.மும் சி.டி.யும்தான். ப்ளூடூத் கிடையாது. சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்றைக் கொஞ்ச காலம் வைத்திருந்தேன். நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். 2001இல் தொடங்கியதே இந்த ஊரில்தான். இன்று காலியான அலைவரிசை தேடுவது வாடகை வீடு தேடுவதைவிடக் கஷ்டம். இளையராஜாவின் இடையிசை நடுவே ஜவுளிக்கடை விளம்பரம் புகுந்துவிடும். அப்புறம் ஒருநாள் ரேடியோ ஒரு சி.டி.யை விழுங்கித் திருப்பித் தர மறுத்தது. அன்றைக்கு மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

எடுத்தது சோனி எக்ஸ்.ஏ.வி.-ஏ.எக்ஸ்.100. 6.4 அங்குலத் திரை. போனின் மேப்பையும் பாட்டையும் திரைக்குக் கொண்டுவரும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் கேபிள் வழியாக ஓடும். இதை எடுத்ததற்கு முக்கியக் காரணம், கையால் திருகக்கூடிய ஒரு வால்யூம் குமிழ் இருப்பதுதான். குண்டும் குழியுமான சாலையில் திரையைத் தடவி வால்யூம் குறைப்பது எனக்கு ஒத்துவராது. குமிழ் இடது ஓரத்தில் இருக்கிறது. நாம் வலப்பக்கம் உட்காருகிறவர்கள், கை கொஞ்சம் நீள வேண்டும். பழகிவிட்டது. ஒன்பது, பத்து அங்குல ஆண்ட்ராய்டு திரைகளையும் கடையில் காட்டினார்கள். இந்த வண்டியின் டேஷ்போர்டில் டபுள் டின் எனப்படும் 180க்கு 100 மில்லிமீட்டர் ரேடியோ இடம் அளவெடுத்தது போல இருக்கும்போது, அதை மறைத்துப் பலகை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

யூனிட் தேர்வு ஒரு மாலையில் முடிந்தது. அதன் முதுகில் இருக்கும் வயர்கள்தான் அடுத்த இரண்டு மாதத்தைத் தின்றன.

ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். அங்கிருந்த பையன் ரேடியோவின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பப் போனான். முகப்பில் இருக்கும் நான்கு சன்னத் துளைகளில் நான்கு தகட்டுச் சாவிகளைச் செருகி இழுத்தால் முழு ரேடியோவும் வழுக்கிக்கொண்டு வரும். அதை முன்பே படித்து, சாவிகளை வாங்கி வைத்திருந்ததால் டேஷ்போர்டு பிழைத்தது. பழைய கப்ளரை (வயர்கள் சேரும் செருகியை) வெட்டாமல் இடையில் ஒரு வயரிங் செட் போட்டார்கள். பாட்டு வந்தது. ஞாயிறு இரவு வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனேன். வியாழக்கிழமை வந்து பார்த்தால் கதவுகூடத் திறக்கவில்லை. பேட்டரி சுத்தமாகக் காலி.

காரணத்தைச் சொன்னவர் சிவாஜி நகரில் எலக்ட்ரிகல் வேலை செய்யும் பாய் ஒருவர். மீட்டரை வைத்துப் பார்த்தார். பூட்டி நிற்கும் வண்டி கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியே நான்கு நாள் நின்றால் 86 ஆம்பியர்-மணி. நல்ல பேட்டரியையே காலி செய்துவிடும். "சார், நீங்க சாவியை எடுத்துட்டீங்க. அது ரேடியோவுக்குத் தெரியாதே!" என்றார்.

பழைய வண்டிகளில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் தனி வயர் ஒன்று ரேடியோவுக்குப் போகும். டி.டி.யின் ரேடியோ கப்ளரில் அது கிடையாது. எப்போதும் 12 வோல்ட் வரும் வயர் ஒன்று, கூடவே கேன் பஸ் என்கிற இரண்டு மெல்லிய வயர்கள். சாவி போட்டாச்சு, விளக்கு எரியுது, ரிவர்ஸ் விழுந்தது என்று எல்லாமே அந்த இரண்டில் செய்தியாக ஓடும். ஆடியின் ரேடியோ அதைப் படித்து விழித்துக்கொள்ளும். வெளி ரேடியோவுக்கு அந்த மொழி தெரியாது. கடையில், சாவி போட்டதை யூனிட்டுக்குச் சொல்லும் ஆக்சசரி வயரையும் நிரந்தர 12 வோல்ட்டோடு முறுக்கிவிட்டிருந்தார்கள். நான் அணைத்ததாக நினைத்தபோது திரை மட்டும் இருண்டது. யூனிட்டும், அது எழுப்பி வைத்த, வண்டியோடு வந்த போஸ் ஆம்ப்ளிஃபயரும் இரவெல்லாம் விழித்திருந்தன.

மருந்து, கேன் பஸ் அடாப்டர் என்ற தீப்பெட்டி அளவுப் பெட்டி. செய்தியைப் படித்துச் சாதாரண வயராக மாற்றித் தருகிறது; ஸ்டீயரிங் பட்டன்களும் இதன் வழியாகவே உயிர் பெற்றன, ஹெட்லைட் போட்டால் திரை தானாக மங்குகிறது. எனக்கு 4,500 ரூபாய் ஆனது. பேட்டரி போன பிறகு மலிவாகத்தான் தெரிந்தது.

அடுத்தது இரைச்சல். ஸ்பீக்கருக்குப் போகவேண்டிய பலமான சிக்னலை அப்படியே ஆம்ப்ளிஃபயரின் வாயில் கொடுத்திருந்தார்கள். பாட்டை நிறுத்தினாலும் பின்னால் ஒரு "உஸ்ஸ்". பாய் அதைக் கழற்றி, பலம் கூட்டாத சிக்னல் வரும் யூனிட்டின் ப்ரீ-அவுட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்தார். ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் நீல-வெள்ளை வயரைத் தனியாகக் கொடுத்தார். இப்போது எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் காதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எஃப்.எம். கரகரத்ததற்குக் காரணம் வேறு: ஆன்டெனா பின்கண்ணாடியில் இருக்கிறது, அதன் பூஸ்டருக்கு 12 வோல்ட் ஆன்டெனா கேபிள் வழியாகவே போகவேண்டும். அதற்கும் ஒரு சின்ன அடாப்டர், 900 ரூபாய். போட்டதும் 100.1இல் ஆகாசவாணியின் இசை அலைவரிசை அமிர்தவர்ஷிணி தெளிவாக வந்தது.

இத்தனையும் அந்தப் பொந்துக்குள் அடங்க வேண்டுமே! முதல் முறை யூனிட் அரை அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. வயர்க் கட்டைக் கீழே தள்ளி ஒதுக்கிய பிறகுதான் உள்ளே போனது. ஆறாவது மாதம் லொடலொட சத்தம் ஆரம்பித்தது. கேன் பெட்டி பிளாஸ்டிக்கில் மோதிக்கொண்டிருந்தது. துணி டேப் சுற்றியதோடு சரி.

இந்த நான்கு வருடத்தில் யூனிட் ஒரு முறையும் ஹேங் ஆகவில்லை. மாற்றியது கேபிள்கள்தான், மூன்று. வேலூர் போகும்போது, வாணியம்பாடி தாண்டியதும் சித்திரை வெயிலில் போன் சூடேறி மேப்பைக் கைவிடும். இப்போது போனை ஏசி காற்று படும் இடத்தில் வைக்கிறேன். மீட்டர் நடுவே ஸ்டேஷன் பெயர் காட்டிய சின்னத் திரையின் அந்தப் பக்கம் மட்டும் அன்றிலிருந்து காலியாகவே இருக்கிறது. இரவில் சிவப்பு வெளிச்சத்தில் கண் அங்கே போகும்போது கொஞ்சம் உறுத்தும்.

பழைய ரேடியோவை விற்கவில்லை. டி.டி.யை வாங்க வருகிறவர்கள் எல்லாம் ஒரிஜினலாக இருக்கிறதா என்று கேட்பார்கள். நான்கு சாவிகளோடு பீரோ மேல் இருக்கிறது, விழுங்கிய சி.டி.யும் உள்ளேயே இருக்கிறது. அது என்ன சி.டி. என்று வீட்டில் இன்னும் தகராறு, எம்.எஸ்.வி. என்கிறேன் நான், அப்பாவின் கந்த சஷ்டி கவசம் என்கிறாள் மனைவி.