முதல் ரன்னிங் ஷூ வாங்கப் போகிறீர்களா? டப்பாவில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

ஓட ஆரம்பிக்கலாம் என்று முடிவெடுத்து, கையில் 2,500, 3,000 ரூபாயோடு முதல் ஷூ வாங்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவையில் ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடையில், பாதத்தை ஸ்கேன் எடுத்துப் பயமுறுத்தி எனக்கு ஒரு பழைய ஷூவை விற்றுவிட்டார்கள். புகார் இன்னும் முழுசாக முடியவில்லை, அதனால் கடைப் பெயரைப் போடவில்லை. தவிர, இதே வித்தை வேறு ஊர்களிலும் நடப்பதாக இங்கே ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஓட வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

பட்ஜெட் 2,500 என்று நான் சொன்னதும் விற்பனையாளர் ஷூ அடுக்கின் பக்கமே போகவில்லை. "முதல்ல காலை ஸ்கேன் பண்ணிடலாம் சார், ஃப்ரீதான்" என்று ஒரு பலகையின் மேல் ஏறச் சொன்னார். திரையில் என் இரண்டு பாதமும் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வந்தன. எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஃப்ளாட் ஃபுட் சார் உங்களுக்கு. ஓவர் ப்ரொனேஷன் வேற இருக்கு. நீங்க சொல்ற ரேஞ்சுல ஷூ போட்டு ஓடினா ஆறே மாசத்துல முட்டி போயிடும்" என்றார். அதாவது எனக்குத் தட்டைப் பாதம், ஓடும்போது பாதம் அளவுக்கு மீறி உள்பக்கம் சாய்கிறதாம்.

முட்டி என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பட்ஜெட் மறந்துபோகும். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உடனே உள்ளேயிருந்து, பாதம் உள்பக்கம் சாயாமல் தாங்கிப் பிடிக்குமாம், ஒரு 'ஸ்டெபிலிட்டி' ஷூ வந்தது. எம்.ஆர்.பி. 7,999, அறுபது சதவீதத் தள்ளுபடி போக 3,200. "இந்தக் காலுக்கு இன்சோல் இல்லாம இதுவும் பிரயோஜனப்படாது சார்" என்று, ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் போடுகிற ஒரு ஜெல் இன்சோல் 899 ரூபாய்க்கு. ஆக மொத்தம் 4,099.

அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அசையாமல் நிற்கும்போது எடை பாதத்தில் எங்கே விழுகிறது என்பதை மட்டும்தான் அது காட்டுகிறது. ஓடும்போது கால் வேலை செய்யும் விதமே வேறு. பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்காவில் ராணுவம், விமானப்படை, மரைன் மூன்றிலும் புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்களிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு பாதிப் பேருக்கு அவரவர் பாத வளைவுக்கு ஏற்ற ஷூ, மீதிப் பேருக்குப் பாதத்தைப் பார்க்காமல் ஒரே வகை ஷூ. காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. தட்டைப் பாதம் உள்ளவர்கள் எத்தனையோ பேர் வலியே இல்லாமல் ஓடுகிறார்கள். ஏற்கெனவே வலி இருந்தால் போக வேண்டியது எலும்பு மருத்துவரிடமோ பிசியோவிடமோ; கமிஷனுக்கு விற்கிறவரிடம் இல்லை.

அந்த விற்பனையாளர் செய்திருக்க வேண்டிய வேலை ரொம்பச் சின்னது. நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில், ஓடும்போது போடுகிற சாக்ஸோடு போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். நின்றபடி பார்த்தால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் பின்னால் கழன்று வரக்கூடாது. இரண்டு கையாலும் ஷூவை வளைத்தால் விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும். நட்டநடுவில் மடிந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம். அப்புறம் உள்ளே இருக்கும் இன்சோலை எடுத்துவிட்டு அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மலிவு ஷூக்களில் மேலே மெத்தென்று 'மெமரி ஃபோம்' வைத்திருப்பார்கள், கடையில் போட்டதும் சொகுசாக இருக்கும். அதற்குக் கீழே கட்டை மாதிரி இறுகிய சோல் இருந்தால் அந்தச் சொகுசு சில வாரங்களுக்குத்தான். ஆசிக்ஸ், பூமா, டெகத்லான் ஆகியவற்றின் ஆரம்ப நிலை ஷூக்கள் தள்ளுபடிக் காலத்தில் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. புதிதாக ஓட வருகிறவருக்கு அதற்கு மேல் செலவழிக்கத் தேவையே இல்லை.

சரி, என் ஷூவுக்கு வருகிறேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் நாள் பெய்த மழையில் தரை ஈரமாக இருந்த ஒரு காலை, வலது ஷூவின் அடி ரப்பர் முன்பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. ஒட்டிக் கொள்ளலாம் என்று செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் விரலை உள்ளே விட்டு இழுத்ததும் மீதியும் தோல் உரிகிற மாதிரி கையோடு வந்தது. பசை இருந்த இடமெல்லாம் மஞ்சள் பொருக்காக உதிர்ந்தது. நகத்தால் சுரண்டிக் காட்டி, "பசை செத்துப்போச்சுங்க தம்பி. இது ரொம்ப வருசம் கெடந்த சரக்கு. இன்னொண்ணும் இப்படித்தான் வரும் பாருங்க" என்றார். இடது ஷூவையும் லேசாக நெம்பினார். அதுவும் வந்துவிட்டது.

ஷூவில் அடுக்குகளை ஒட்டும் பசையும், நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் ஈ.வி.ஏ. ஃபோமும் போடாமல் வைத்திருந்தாலும் மூப்படையும். புழுக்கமான குடோனில் வருஷக்கணக்கில் கிடந்தால் பசை பிடிப்பை விட்டுவிடும், ஃபோம் இறுகிவிடும். மேல் துணி மட்டும் புத்தம் புதிதாகப் பளபளக்கும்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் தேடி எடுத்தேன். பில்லோடு டப்பாவையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. 7,999 என்றிருந்த ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. மெல்ல உரித்தால் கீழே கம்பெனியின் அசல் ஸ்டிக்கர்: எம்.ஆர்.பி. 4,999, தயாரித்த மாதமும் வருஷமும் ஐந்து வருஷத்துக்கு முந்தையது. அதாவது அறுபது சதவீதம் என்று சொன்னது உண்மையில் முப்பத்தாறு. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, விலையை ஏற்றி மேலே ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. விலையைக் குறைத்து ஒட்டினாலும் பழைய விலை மறையக்கூடாது.

கடைக்குப் போனால், ஸ்கேன் எடுத்த அதே ஆள் என்னைத் தெரியாத மாதிரி நின்றார். மேலாளர், "யூஸ் பண்ணின ஷூ சார், ஆஃபர் ஐட்டம் வேற. பில்லுலயே போட்டிருக்கோமே" என்று, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைக் காட்டினார். அந்த வரியைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. இதைச் சொன்னதற்கு, "நீங்க எங்க வேணும்னாலும் போங்க சார்" என்றார்.

போனேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். பில், இரண்டு ஸ்டிக்கரும் தெரிகிற படம், சோல் கழன்ற படம் எல்லாவற்றையும் புகாரோடு சேர்த்தேன். கொஞ்ச நாளில் அந்த மேலாளரே கூப்பிட்டார், குரலில் தேன் ஒழுகியது. 3,200க்கு கிரெடிட் நோட் தருகிறோம் என்றார். அந்தக் கடையில் இன்னொரு தடவை வாங்க எனக்கு என்ன தலையெழுத்தா, பணமாகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வங்கிக் கணக்கில் வந்துவிட்டது.

இன்சோலுக்குக் கொடுத்த 899ஐ மட்டும், அது கெட்டுப்போகவில்லையே என்று தர மறுக்கிறார்கள். அதே டப்பா, அதே படத்தோடு ஆன்லைனில் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இல்லாத வியாதியைச் சொல்லி விற்றார்கள் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. உங்களில் யாரையாவது இப்படி ஸ்கேன் எடுத்துப் பயமுறுத்தி விற்றிருந்தால், அந்த ரிப்போர்ட் தாளைத் தூக்கிப் போடாமல் பில்லோடு சேர்த்து வையுங்கள். என்னிடம் அது மட்டும் இல்லை. கேட்டபோது பிரிண்டர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டார்கள்.