மணற்பாங்கான மண்ணுக்கு ஐந்தடுக்குச் சல்லடைத் தொகுப்பு: வாங்கலாமா?

2, 0.5, 0.25, 0.1, 0.05 மி.மீ. கண்ணுள்ள ஐந்து சல்லடைகள், அடித்தட்டு, மூடி. பித்தளைச் சட்டம் உறுதி. தட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக உட்காருகின்றன, தூசி கசியவில்லை.

உலர்ந்த மண்ணை அப்படியே கொட்டிச் சலித்தால் முடிவு பொய்தான். களிமண் மணலின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு மேல்தட்டிலேயே நின்றுவிடும். ஓரளவு வளமான நிலமும் வெறும் மணலாகத் தெரியும். எனவே 2 மி.மீ.யில் சலித்த 100 கிராம் மண்ணை 5% சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் (ஒட்டிய களியை மணலிலிருந்து பிரித்துவிடும் உப்பு) கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து, 0.05 மி.மீ. தட்டில் தண்ணீர் விட்டுக் கழுவி, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்திய பிறகே அடுக்கில் போட வேண்டும். 0.05 வலை மெல்லியது. விரலால் தேய்த்தால் தொய்ந்துவிடும், பிரஷ்ஷும் மென்மையாக இருக்கட்டும்.

பெரிய குறை: கழுவிப் போனதில் வண்டல் (மணலைவிட நுண்ணிய, களியைவிடப் பெரிய துகள்) எவ்வளவு, களி எவ்வளவு என்று இது சொல்லாது. சத்தைப் பிடித்து வைப்பது களியும் மட்கும்தானே! 85 சதவீதத்துக்கு மேல் மணல் என்று வந்தால், ஹைட்ரோமீட்டரும் (மண் கலந்த நீரின் அடர்த்தியை வைத்து வண்டல், களி அளவைக் காட்டும் கருவி) மட்கின் அளவைக் காட்டும் கரிமக் கார்பன் சோதனையும் இல்லாமல் உரம் தீர்மானிக்க முடியாது. மணலின் பருமனைப் பிரிக்க மட்டும் என்றால், தாராளமாக வாங்கலாம்.