லெட்ரோசோல்: ஐந்து மாதம் சாப்பிட்ட அனுபவம்

முன்பு என்னோடு ஆபீஸில் வேலை பார்த்த பெண் போன வாரம் ஒரு மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "அக்கா, முட்டை வளர்றதுக்குனு டாக்டர் எழுதிக் கொடுத்தாங்க. நெட்டுல பாத்தா கேன்சர் மாத்திரைனு வருது. போடலாமா?" மூன்று வருடத்துக்கு முன் நான் பயந்த அதே பயம். அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது, அதனால் இங்கே போடுகிறேன்.

எனக்குப் பிசிஓடி, அதாவது ஹார்மோன் கோளாறால் முட்டை ஒழுங்காக வளர்ந்து வெளியே வராத பிரச்சனை. முதலில் மூன்று மாதம் க்ளோமிஃபீன் (அதுவும் முட்டை வளர்க்கிற மாத்திரைதான்), அப்புறம் ஐந்து மாதம் அவளுக்கு எழுதிக் கொடுத்த இதே லெட்ரோசோல். இந்த ஐந்து மாதமும் என்னை மிகவும் வதைத்தது மாத்திரை இல்லை, அதோடு வந்த காகிதம். மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கு என்று அதில் அச்சடித்திருக்கும். பீரியட்ஸ் வந்த மூன்றாம் நாள், வயிற்று வலியோடு நின்று அதைப் படித்துப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் இருந்தவர் ஒருமுறை "வீட்ல யாருக்கும்மா கேன்சர்?" என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் நாலு பேர் நின்றார்கள். நான் பதில் சொல்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிற வேறு கடை.

காகிதத்தில் போட்டிருப்பது பொய் இல்லை. இது புற்றுநோய்க்காக வந்த மருந்துதான். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் கொஞ்ச நாள் தடுக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை முட்டையை வளர்க்கிற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும், முட்டை வளரும், அவ்வளவுதான். நம் நாட்டில் 2011 அக்டோபரில் குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று தடை போட்டு, 2017இல்தான் எடுத்தார்கள். நடுவில் 2014இல் அமெரிக்காவில் பிசிஓடி உள்ள 750 பெண்களிடம் இரண்டு மருந்தையும் ஐந்து சுழற்சி வரை கொடுத்துப் பார்த்ததில், க்ளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. என் டாக்டர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நான் இத்தனை ராத்திரி போனை வைத்துக்கொண்டு அழுதிருக்க மாட்டேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். க்ளோமிஃபீன் என்னைப் படாத பாடு படுத்தியது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், காரணமில்லாமல் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுவேன், மூன்றாவது மாதம் கண் மங்கலாகத் தெரிந்ததும் டாக்டர் உடனே நிறுத்திவிட்டார். (கண்ணில் எது வித்தியாசமாகத் தெரிந்தாலும் அடுத்த விசிட் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே சொல்லுங்கள்.) முட்டை வளர்ந்தது, ஆனால் கரு ஒட்ட வேண்டிய கர்ப்பப்பை உள்சுவர் 5 மில்லிமீட்டரைத் தாண்டவே இல்லை. அந்த மருந்து உடம்பில் ரொம்ப நாள் தங்குவதால் சிலருக்கு இப்படி ஆகுமாம். லெட்ரோசோல் அப்படி இல்லை, சில நாளில் வெளியேறிவிடும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை தினம் ஒன்று, லேசான தலைவலி, கொஞ்சம் அசதி, வேறு எதுவும் கிடையாது. பதின்மூன்றாம் நாள் ஸ்கேனில் முட்டை வளர்கிற நீர்ப்பை ஒன்றே ஒன்று, 19 மில்லிமீட்டர், உள்சுவர் 8.5. அந்த ஸ்கேன் அறையில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. வருடத்துக்கு நாலு முறைகூடப் பீரியட்ஸ் ஒழுங்காக வராத உடம்பு எனக்கு. ஐந்து மாதமும் அந்தப் பை வெடித்து முட்டை வெளியே வந்தது, ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

குழந்தை நிற்கவில்லை. முட்டையை வெளியே கொண்டுவருவது மட்டும்தான் மாத்திரையின் வேலை, அதற்குப் பிறகு நடப்பது அதன் கையில் இல்லை என்று எனக்குப் புரியவே நாலு மாதம் ஆனது. அந்த 27.5 சதவீதத்துக்கு வெளியே மீதி எத்தனை பேர் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். முட்டை வெளியே வருவதற்கான ஊசி போட்ட பிறகு வரும் பதினான்கு நாளும், விசேஷ வீடுகளில் "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்களும், பதினைந்தாம் நாள் காலையில் பாத்ரூமில் பார்க்கிற ரத்தமும் எந்தக் காகிதத்திலும் போட்டிருக்காது.

அவளிடம் போடச் சொல்லிவிட்டேன். கர்ப்பம் இல்லை என்று டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொண்டு ஆரம்பி, ஸ்கேன் இல்லாமல் ஒரு மாதம்கூடச் சாப்பிடாதே, டாக்டரிடம் கேள்வி எல்லாம் கேட்டுவிட்டு எழுந்திரு என்றேன். மாத்திரையைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நான் சாப்பிட்டதிலேயே நல்ல மருந்து இதுதான். ஆனால் நீங்க மறுபடி சாப்பிடுவீங்களா அக்கா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது பிரிக்காத ஒரு அட்டை கிடைத்தது, அதைக் கையில் வைத்திருக்கக்கூட என்னால் முடியவில்லை.