யாருடைய கையெழுத்து வேண்டும்? நான்கு மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் உரிமம்

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உயர்படிப்புச் செவிலியர், ஆக விரும்புபவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் முதுநிலைப் படிப்பையோ அதற்கு மேற்பட்ட படிப்பையோ முடிக்கிறார். அநேகமாக எங்கும் தேசிய அளவிலான சான்றிதழ்த் தேர்வையே எழுதுகிறார். ஆனால் அதன்பின் நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் அவருக்கு ஒரு மருத்துவரின் ஒப்பந்தம் தேவையா என்பதை மாநிலச் சட்டமே முடிவுசெய்கிறது.

அரிசோனாவில் அந்த ஒப்பந்தம் தேவையில்லை. செவிலியர் வாரியம் உரிமமும் மருந்து எழுதும் அதிகாரமும் வழங்கியபின் அவர் தனியாகவே கிளினிக் நடத்தலாம். இதில் எனக்குள்ள தயக்கம் புதிதாகப் படித்து வருபவர்களைப் பற்றியது. பயிற்சிக் காலத்தில் நேரடியாக நோயாளிகளைப் பார்க்க வேண்டிய குறைந்தபட்ச நேரம் நெடுங்காலம் 500 மணியாகவே இருந்து, 2022-ஆம் ஆண்டின் தேசியத் தரவரையறையில்தான் 750 ஆக உயர்ந்தது. மருத்துவர்கள் படிப்பு முடிந்தபின் மருத்துவமனையில் பெறும் ரெசிடென்சி பயிற்சியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

நியூயார்க் இதை அனுபவத்தால் ஈடுசெய்கிறது. 3,600 மணி நேரப் பணி முடியும்வரை மருத்துவருடன் எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும்; அதைக் கடந்தவர்களுக்கு 2015-இல் எழுத்து ஒப்பந்தமும், 2022-இல் மருத்துவரோடு கலந்து செயல்படும் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டிய நிபந்தனையும் நீக்கப்பட்டன. நான்கில் நான் தேர்ந்தெடுப்பது இதையே. எனினும் 2022-இன் விலக்கு காலவரையறையுடன் இயற்றப்பட்டு, பின்னர் நீட்டிக்கப்பட்டது என்பது உறுத்துகிறது. சட்டமன்றம் அடுத்த முறை என்ன செய்யும் என்று தெரியாமல் ஒருவர் எந்த நம்பிக்கையில் கிளினிக் இடத்துக்குப் பல ஆண்டுக் குத்தகை எடுப்பார்?

கலிஃபோர்னியா 2020-இல் இயற்றிய ஏபி 890 சட்டம் இரண்டு படிகளை வைக்கிறது. மூன்று ஆண்டுகள் அல்லது 4,600 மணி நேரப் பணிக்குப்பின் '103' எனப்படும் முதல் படித் தகுதி கிடைத்தாலும், குறைந்தது ஒரு மருத்துவராவது பணிபுரியும் இடத்தில்தான் அவர் இயங்கலாம். அதில் மேலும் மூன்று ஆண்டுகள் கழித்து '104' தகுதி பெற்ற பிறகே தனியாக இயங்க முடியும். முதல் தகுதி 2023-இல் நடைமுறைக்கு வந்ததால், இரண்டாவதன் பயன் 2026-இல்தான் தொடங்குகிறது. திறமையைச் சோதிக்க முதல் படியே போதும் எனும்போது, இரண்டாவது படி மருத்துவர்கள் குறைந்த கிராமப்புறத்துக்குச் செல்ல விரும்புபவரைத்தான் தடுத்து வைக்கிறது.

டெக்சாஸில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் மருந்து எழுதும் அதிகாரத்தை மருத்துவர் ஒப்பந்தத்தின் வழியாக ஒப்படைக்க வேண்டும். பொதுவாக ஒரு மருத்துவர் ஏழு பேருக்கு மேல் அப்படி ஒப்படைக்க முடியாது. 2013-இல் விதிகள் தளர்த்தப்பட்டபோதும் ஒப்பந்தம் என்ற அடிப்படை மாறவில்லை. மாதந்தோறும் கலந்தாய்வு நடக்க வேண்டும். இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்பவர்களின் வாதத்தில், புதியவர்களைப் பொறுத்தவரை நியாயம் உண்டு. இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கு அது கட்டணம் கேட்கும் கையெழுத்தாகச் சுருங்கிவிடக் கூடும். அந்த மருத்துவர் ஓய்வுபெற்றாலோ ஊர் மாறினாலோ, வேறொருவர் கிடைக்கும்வரை நோயாளிகளுக்கு மருந்து எழுத வழியில்லை.

இந்தக் கட்டுப்பாட்டின் தர்க்கத்தை மத்திய அரசே தளர்த்தியிருக்கிறது என்பதுதான் வியப்பு. முன்னாள் படைவீரர் நலத்துறை 2016 டிசம்பரில் வெளியிட்ட விதியின்படி, அதன் மருத்துவமனைகளில் பணிபுரியும் நர்ஸ் பிராக்டிஷனர்கள், அடிமையாக்கக்கூடியவை போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு மாநிலச் சட்டம் விதிக்கும் வரம்புகள் நீங்கலாக, மருத்துவர் மேற்பார்வையின்றி இயங்கலாம். ஹூஸ்டனில் அத்தகைய மருத்துவமனையில் பணிபுரியும் ஒருவர், வேலையை விட்டு அதே தெருவில் தனியார் கிளினிக்கில் சேர்ந்தால், மறுநாளே ஒப்பந்தத்துக்கு ஒரு மருத்துவரைத் தேட வேண்டியிருக்கும்.