அம்மம்மாவின் தாலாட்டுக்கு எந்த விரல்நடை? கிற்றார் மீட்டும் நான்கு முறைகள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மருமகள் கிற்றாரைத் தோளில் கொழுவிக்கொண்டு கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து நின்றாள். அவளுடைய அண்ணனின் பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாளில் வரும் முப்பத்தொன்று நெருங்கிக்கொண்டிருந்தது. துடக்குக் கழிந்து சொந்தங்கள் கூடும் அந்த நாளில் அம்மம்மா தாலாட்டுப் பாட, தான் பக்கத்தில் இருந்து கிற்றார் வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"மாமா, பிக் என்ற சிறு தகட்டால் அடித்தால் அம்மம்மாவின் குரல் அமுங்கிவிடுகிறது. விரலால் மீட்டப் பழக வேண்டும். காணொளிகளில் ஆளுக்கொரு முறையைக் காட்டுகிறார்கள். எதைப் பழகுவது?" என்றாள்.

அவளுக்கு அம்மம்மா, எனக்கு அம்மா. அந்தத் தாலாட்டில்தான் நானும் உறங்கி வளர்ந்தேன். அதனால் பதிலை வாயால் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. நாட்டார் பாடலுக்கு ஏற்றவை என்று சொல்லப்படும் நான்கு முறைகளையும் அதே தாலாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இருவரும் வாசித்துப் பார்த்தோம். மூன்று கிழமை பிடித்தது. நான்கும் நல்ல முறைகள்தாம். ஆனால் எங்கள் பாட்டுக்கு நான்கும் ஒரே அளவில் பொருந்தவில்லை.

முறையைத் தெரிவதற்கு முன் பாட்டின் நடையைக் கையால் தட்டிப் பார்த்துவிட வேண்டும். "தகிட தகிட" என்று மூன்று மூன்றாக விழுந்தால் திஸ்ரம், "தகதிமி" என்று நான்காக விழுந்தால் சதுஸ்ரம், "தகிட தகதிமி" என்று ஏழாக வந்தால் மிஸ்ரம். எங்கள் வீட்டுத் தாலாட்டு திஸ்ரம். கிற்றார் பழகுகிற பிள்ளைகள் பலர் இதைத் தட்டிப் பார்க்காமலே காணொளியில் கண்ட விரல்நடையைப் பாட்டின்மேல் ஏற்றுகிறார்கள். மூன்றில் நடக்கும் பாட்டை நான்கில் இழுத்தால் சொல் ஒரு பக்கமும் விரல் ஒரு பக்கமும் போகும்.

முதலில் எடுத்தது சுருள் மீட்டல். கோர்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை, இடக்கையால் பிடித்துக்கொண்டு அதன் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்ப்பது. கம்பிகளை மிக மெல்லியது ஒன்று, மிகத் தடித்தது ஆறு என்று எண்ணுவோம். பெருவிரல் தடித்த கம்பியில், சுட்டுவிரல் மூன்றாம் கம்பியில், நடுவிரல் இரண்டில், மோதிரவிரல் ஒன்றில். பிறகு நடுவிரல், சுட்டுவிரல் என்று திரும்பி வர ஆறு எண்ணிக்கை நிறையும். மேற்கத்தியச் செவ்வியல் கிற்றாரின் அடிப்படைப் பாடம் இது. இத்தாலியக் கிற்றார் கலைஞர் மௌரோ ஜூலியானி 1812இல் வியன்னாவில் வெளியிட்ட வலக்கைப் பயிற்சிகள் 120ம் சி, ஜி செவன் என்ற இரண்டே கோர்டுகளில் இதைத்தான் பலவிதமாகப் புரட்டிப் பார்க்கின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பேன். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கம்பி சொந்தமாகிவிடுவதால் கை தடுமாறாது. நாளுக்கு அரை மணி நேரம் இருந்தால் ஒரு கிழமையில் ஓசை சீராகிவிடும். மருமகளுக்கு ஐந்து நாட்களில் வந்துவிட்டது.

ஆனால் அம்மாவோடு சேர்ந்து வாசித்தபோது ஏதோ ஒன்று உறுத்தியது. எண்ணிக்கை ஆறும் சரியாகத்தான் விழுந்தது. முதல் தகிடவைப் பெருவிரல் தொடங்குகிறது, இரண்டாவது தகிடவை மோதிரவிரல் தொடங்குகிறது. மோதிரவிரல் வலுக்குறைந்த விரல். மெல்லிய கம்பியில் அது தொடும்போது இரண்டாவது தகிட மங்கிப்போகிறது. காரணம் பிடிபடாமல் இருவரும் நெடுநேரம் இருந்தோம். அம்மா சிறிது நேரம் கேட்டுவிட்டு, "பிள்ளை, ஏணை போனால் திரும்பி வரவும் வேண்டும் அல்லவா?" என்றார்.

வளையில் சேலையைக் கட்டிப் பிள்ளையைக் கிடத்தி ஆட்டும்போது ஏணை அந்தப் பக்கம் போக ஒரு தகிட, இந்தப் பக்கம் வர ஒரு தகிட. போகும்போது கையின் தள்ளல், திரும்பும்போது பிள்ளையின் பாரம். இரண்டு தொடக்கமும் ஏறத்தாழ ஒரே கனம். ஆகவே விரல் வரிசையை மாற்றினோம்: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மறுபடியும் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல். முதல் தகிடவுக்குப் பெருவிரல் கீழ்ச் சுரக் கம்பியில், இரண்டாவதற்கு ஒரு கம்பி தள்ளி. மோதிரவிரலுக்கு ஓய்வு. இந்தச் சிறிய மாற்றத்தில் பாட்டு ஏணைபோல ஆடத் தொடங்கிவிட்டது. திஸ்ரத்தில் எந்த நாட்டார் பாடலை எடுப்பவரும் புத்தகத்தில் உள்ள வரிசையோடு நின்றுவிடாமல் இதையும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது முறை, மாறும் அடிச்சுரம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரத்தில் 1917இல் பிறந்த கிற்றார் கலைஞர் மெர்ல் டிராவிஸின் பெயரால் உலகம் இதை அழைக்கிறது. பெருவிரல் ஓயாமல் இரண்டு தடித்த கம்பிகளுக்கிடையே மாறி மாறி நடக்கும். மற்ற விரல்கள் அந்த நடையின் இடைவெளிகளில் மெல்லிய கம்பிகளைத் தொடும். டிராவிஸ் பெருவிரலையும் சுட்டுவிரலையும் மட்டுமே கொண்டு வாசித்தார். இன்று பழகுபவர்கள் நடுவிரலையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இதன் அடிப்படை வரிசையைச் சி கோர்டில் சொல்கிறேன். முதல் அடியில் பெருவிரல் ஐந்தாம் கம்பியையும் நடுவிரல் முதலாம் கம்பியையும் ஒன்றாகக் கிள்ளும். இரண்டாம் அடியில் பெருவிரல் நான்காம் கம்பி. அதையடுத்த அரையடியில் சுட்டுவிரல் இரண்டாம் கம்பி. மூன்றாம் அடியில் மீண்டும் பெருவிரல் ஐந்தில். அடுத்த அரையடியில் நடுவிரல் ஒன்றில். நான்காம் அடியில் பெருவிரல் நான்கில். பெருவிரல் நான்கு முறை, மற்ற விரல்கள் மூன்று முறை. எழுத்தில் எளிதாகத் தெரியும்; கையில் அப்படி இல்லை. பெருவிரல் தன்பாட்டில் நடக்க வேண்டும், மற்ற விரல்கள் அதைக் கவனிக்காமல் தங்கள் வேலையைச் செய்ய வேண்டும். முதல் ஒரு கிழமை பெருவிரலை மட்டும் வைத்துக்கொண்டு, யாரோடாவது பேசியபடியே அதை நிற்காமல் நடத்திப் பழகுமாறு சொல்வேன். பேச்சு தடைப்படாமல் பெருவிரல் நடந்தால்தான் மற்ற விரல்களைச் சேர்க்கலாம்.

சதுஸ்ரத்தில் வரும் பாட்டுகளுக்கு இந்த முறைக்கு ஈடு இல்லை. தனியொருவர் பாடிக்கொண்டே வாசித்தாலும் மத்தளக்காரர் ஒருவர் பின்னால் இருப்பது போன்ற தெம்பு வரும். குரலுக்கு இடம் விட்டு இதை வாசிப்பது எப்படி என்று அறிய அமெரிக்கப் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 1928ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கேட்டால் போதும். அவ்வளவு மென்மையான பெருவிரல்! ஆனால் எங்கள் தாலாட்டுக்கு இது ஒத்துவரவில்லை. இரண்டு கம்பிகளுக்கிடையே மாறும் பெருவிரல் மூன்று எண்ணிக்கைப் பாட்டில் ஒரு சுற்றைக் கீழ்ச் சுரத்தில் தொடங்கும், அடுத்த சுற்றை மேல் சுரத்தில் தொடங்கும். கீழ், மேல், மேல் என்று பெருவிரலை ஒழுங்குபடுத்தலாம். அப்படிச் செய்தால் வால்ட்ஸ் நடனத்தின் சாயல் வந்துவிடுகிறது. தாலாட்டுக்கு அந்தச் சாயல் வேண்டாம் என்று இருவருமே நினைத்தோம்.

மூன்றாவது, கார்ட்டர் முறை. அமெரிக்க நாட்டார் இசைக் கலைஞர் மேபெல் கார்ட்டர் 1927இல் தம் குடும்பத்தோடு டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையில் உள்ள பிரிஸ்டல் நகரத்தில் பாடல்களைப் பதிவுசெய்தபோது அவருக்கு 18 வயது. மெட்டைப் பெருவிரல் தடித்த கம்பிகளில் வாசிக்கும். இடையில் சுட்டுவிரலின் நகம் மெல்லிய கம்பிகளைக் கீழும் மேலுமாக வருடும். கிற்றாரே முன்னின்று பாடுவது போன்ற முறை இது. தாலாட்டில் அம்மாவின் குரலுக்கு மேல் இன்னொரு குரல் வந்து நின்றது போல் இருந்தது. ஒரே தடவையோடு விட்டுவிட்டோம். கரைவலை இழுக்கும் அம்பாப் பாடல் என்றால் நான் இதைத்தான் முதலில் எடுப்பேன். ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் திரும்பச் சொல்லும் அமைப்பு அந்தப் பாட்டில் உண்டு. பெருவிரலின் அழைப்புக்குச் சுட்டுவிரலின் வருடல் பதில் சொல்லும். எதிர்பாராத பொருத்தம் அது.

நான்காவதை நிலைச்சுரம் என்று சொல்லலாம். பெருவிரல் ஒரே சுரத்தில் ஊன்றி நிற்கும், தம்புராவைப் போல. இதற்கு ஆறாம் கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கி டியில் வைக்க வேண்டும். அப்போது ஆறு, ஐந்து, நான்கு ஆகிய மூன்று கம்பிகளும் பிடிக்காமலே ச, ப, ச என்று ஒலிக்கும். இடக்கையில் இரண்டு விரல் போதும். சுட்டுவிரல் மூன்றாம் கம்பியின் இரண்டாம் கட்டத்தில் (கழுத்தில் உள்ள உலோகக் கோடுகளுக்கு இடைப்பட்ட இடமே கட்டம்), மோதிரவிரல் இரண்டாம் கம்பியின் மூன்றாம் கட்டத்தில். அவை ப, ச. ஆறிலிருந்து இரண்டு வரை ஐந்து கம்பிகளும் ச, ப, ச, ப, ச. காந்தாரமே இல்லை. கோர்டு மேஜரா மைனரா என்பதைக் காட்டுவது காந்தாரம்தான் என்பதால் அந்தக் கேள்வி அங்கே எழாது; எந்தக் காந்தாரம் என்பதைப் பாடுபவரின் குரல் தீர்மானிக்கும்.

இதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். எங்கள் நாட்டார் பாடல்கள் கோர்டை மனதில் வைத்துப் பிறந்தவை அல்ல. மெட்டு ஒரு ஆதார சுருதியைச் சுற்றி நடக்கிறது. அதன் அடியில் டி, ஜி, ஏ என்று கோர்டுகளை மாற்றிக்கொண்டே போனால் இனிமையாக இருக்கும். ஆனால் கோர்டு மாறும் இடத்துக்குப் பாடுபவர் நேரத்துக்கு வந்து சேர வேண்டும் என்ற கட்டாயமும் கூடவே வருகிறது. அம்மா "ஆராரோ"வை ஒருநாள் நீட்டுவார், ஒருநாள் குறைப்பார், பிள்ளை சிணுங்கினால் பாதியில் நிறுத்தி மீண்டும் எடுப்பார். கோர்டு மாற்றி வாசித்த நாட்களில் மருமகள் முன்னாலே போய் நின்றுவிடுவாள், அம்மா பின்னால் வருவார், இருவர் முகத்திலும் சங்கடம். நிலைச்சுரத்தில் அம்மா எங்கே நீட்டினாலும் கிற்றார் அங்கேயே இருந்தது.

இன்னொரு வசதியும் உண்டு. கோர்டு பிடிக்கும் கையால் சுரத்தை அசைத்துக் கமகம் காட்ட முடியாது. இங்கே நடுவிரலும் சின்னவிரலும் சும்மா இருக்கின்றன. முதலாம் கம்பியைப் பிடிக்காமல் தொட்டால் ரி. முதல் கட்டம் சாதாரண காந்தாரம், இரண்டாவது அந்தர காந்தாரம், மூன்றாவது மத்திமம். பாட்டின் அடிகளுக்கிடையே அந்தக் கம்பியில் ஒரு சிறிய வழுக்கல் கொடுத்தால் குரலின் அசைவைத் தொட்டுக் காட்டிவிடலாம். 1960களின் தொடக்கத்தில் மொரோக்கோ இசையைக் கேட்டுத் திரும்பிய இங்கிலாந்துக் கலைஞர் டேவி கிரகாம் கம்பிகளை டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று சுருதி மாற்றி வைத்ததும் இதே தேவைக்காகத்தான். மூன்று கம்பிகளின் சுருதியை மாற்ற வேண்டியிருப்பதால், தொடங்குபவருக்கு அதை நான் சொல்வதில்லை. ஒரு கம்பியை இறக்கினாலே வேலை நடக்கிறது.

குறையும் இருக்கிறது. கிற்றாரைத் தனியாக வாசித்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்க அலுப்பாக இருக்கும். குரல் இல்லாத இடத்தில் மாறும் அடிச்சுரமே மேல்.

சுருதியை எப்படிச் சேர்ப்பது என்று மருமகள் கேட்டாள். இறக்கிய டி, சுருதியின் உயரத்தைக் கட்டையால் சொல்லும் கர்நாடக சங்கீதக் கணக்கில் 2 கட்டை. எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை மூன்றாம் கட்டத்தில் போட்டால் 4 கட்டை, ஐந்தாம் கட்டத்தில் போட்டால் 5 கட்டை. சங்கீதம் படித்த பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னால் உடனே விளங்கிவிடுகிறது. அம்மாவுக்கு இந்த வயதில் 4 கட்டைதான் இதம். கேப்போவை மூன்றில் போட்டோம்.

கம்பியைப் பற்றியும் ஒரு சொல். தாலாட்டுக்கு நைலோன் கம்பிதான். செவ்வியல் கிற்றாரின் கழுத்து, தலைப்பக்கத்தில் 52 மில்லிமீற்றர் அளவுக்கு அகலம். இரும்புக் கம்பிக் கிற்றாரில் அது 43 மில்லிமீற்றரை ஒட்டியே இருக்கும். விரலால் மீட்டுபவருக்கு அந்த இடைவெளி பேருதவி. அதோடு எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்புக் கம்பி விரைவில் கறள் பிடிக்கிறது. கறள் பிடித்த கம்பியில் விரலை வழுக்கினால் கமகத்துக்குப் பதிலாகக் கீச்சொலிதான் வரும். கார்ட்டர் முறைக்கும் மாறும் அடிச்சுரத்துக்கும் இரும்பின் கணீரென்ற ஓசை வேண்டும் என்பவர்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்து வைக்க வேண்டும்.

முடிவில் நாங்கள் எடுத்தது நிலைச்சுரத்தையும் ஏணை வரிசையையும் சேர்த்த ஒன்று. பெருவிரல் ஆறாம் கம்பியில், சுட்டுவிரல் மூன்றில், நடுவிரல் இரண்டில். பெருவிரல் நான்காம் கம்பியில், சுட்டுவிரல் மூன்றில், நடுவிரல் இரண்டில். இவ்வளவுதான். போக ஒரு கீழ் சட்ஜம், வர ஒரு மேல் சட்ஜம். நிமிடத்துக்கு 50 தகிட என்ற வேகத்தில் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்து நான்கு நாள் பழகினாள். ஐந்தாம் நாள் மெட்ரோனோமை நிறுத்திவிட்டு, வெறும் ஏணையை அண்ணியிடம் ஆட்டச் சொல்லி அதைப் பார்த்து வாசித்தாள்.

முப்பத்தொன்று அன்று வீடு நிறைய ஆட்கள். பூட்டப்பிள்ளையை ஏணையில் கிடத்தி அம்மா பாடத் தொடங்கினார். மருமகள் கயிற்றில் வைத்த கண்ணை எடுக்காமல் வாசித்தாள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பிள்ளை உறங்கிவிட்டது. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டே போய் நிறுத்தினார். சுட்டுவிரலும் நடுவிரலும் ஓய்ந்த பிறகும், ஏணை நிற்கும்வரை, ஆறாம் கம்பியில் பெருவிரல் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.